கதையைச் சாட்பாட்டிடம் காட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

முதல் வரைவைப் பொறுமையாக வாசித்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பது அரிது. திருகோணமலையில் இருந்து எழுதும் எனக்கும் அதே குறைதான். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு எழுதி முடித்த கதையை யாரிடம் காட்டுவது? அதனால் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்னும் மூன்று சாட்பாட்டிடமும், அதாவது எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம், கதைகளைக் காட்டிப் பார்த்திருக்கிறேன். பயன் இருக்கிறது. ஆனால் கேட்கும் விதம் பிழைத்தால் பயனைவிடக் கேடு அதிகம். வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால் அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம்.

உதாரணங்கள் எல்லாம் என்னுடைய ஒரே கதையிலிருந்து. கிண்ணியாவைத் திருகோணமலையோடு இணைக்கும் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் இரவில் துறையடிக்கு வருகிறாள். அக்கரைக்குப் போனால்தான் திருகோணமலை ஆஸ்பத்திரி. இன்று 396 மீட்டர் பாலத்தின் வழியே ஒரு நிமிடத்தில் நாம் கடந்துவிடுகிற தண்ணீர்தான் அது.

தொடங்கும் முன் இரண்டு காரியம். மூலக் கோப்பைத் திகதியிட்டுத் தனியே வைத்துவிடுங்கள். சாட்பாட்டுக்குக் கொடுப்பது பிரதியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலைத் திறவுங்கள். பழைய உரையாடல்களை நினைவில் வைத்திருக்கும் வசதி இருந்தால், இந்த வேலைக்கு அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கதை உங்களுடையது என்பதும் நீங்கள் என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்பதும் அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அறிகுறி: எதைக் கொடுத்தாலும் பாராட்டுகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இது. "உணர்வுபூர்வமான, ஆழமான படைப்பு" என்று தொடங்கும். ஐந்து பாராட்டுக்குப் பின் இரண்டு மென்மையான யோசனைகள் வரும். அதே கதையின் முதல் பத்தியை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அதே பாராட்டு வந்தால் கோளாறு உறுதி.

காரணம் பயிற்சியில் இருக்கிறது. இந்தச் செயலிகளின் பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு, எது நல்லது என்று தெரிவு செய்கிறார்கள். அந்தத் தெரிவை வைத்துச் செயலியைச் செதுக்குகிறார்கள். மனிதர்களுக்கு இதமான பதில் பிடிக்கும். ஆகவே இதமாகச் சொல்வதே சரி என்று அது கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று பயனர்கள் முறையிட, ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அது உச்சம். அடியில் அந்தச் சாய்வு எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

"கடுமையாக விமர்சி" என்று கேட்பது பலர் சொல்லும் மருந்து. எனக்கு அது உதவவில்லை. கடுமையைக் கேட்டால் கடுமையைத்தான் தருகிறது. நல்ல வரியையும் சேர்த்து வெட்டுகிறது. "இது ஒரு போட்டிக்கு வந்த கதை, எழுதியவர் யாரென்று தெரியாது" என்று சொல்வது சற்று மேல். ஆனால் உண்மையில் மாற்ற வேண்டியது கேள்வியைத்தான். அபிப்பிராயம் கேட்காதீர்கள். வாசித்த அனுபவத்தைக் கேளுங்கள்:

"இந்தக் கதையை மதிப்பிட வேண்டாம். ஒவ்வொரு பத்தியாக வாசித்து, அந்தப் பத்தி முடியும்போது வாசகருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பார் என்பதை மட்டும் எழுதவும். எங்கே குழப்பம் என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டவும்."

இப்படிக் கேட்டபோதுதான் என் கதையின் உண்மையான ஓட்டை தெரிந்தது. ஆறாம் பத்தியில் காற்றில் கைவிளக்கு அணைந்துவிடுகிறது. பதினோராம் பத்தியில் அந்தத் தாய் அதே விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளையின் உதட்டைப் பார்க்கிறாள். பலமுறை வாசித்தும் என் கண்ணில் படவில்லை. அந்தக் காட்சி என் மனதில் எப்போதும் வெளிச்சமாகவே இருந்திருக்கிறது. இந்த வகைக் கண்காணிப்பில் சாட்பாட் உண்மையில் நல்ல வேலைக்காரன்: யார் எங்கே நின்றார், எது எப்போது நடந்தது, எந்தப் பொருள் எந்தக் கையில் இருந்தது. இதற்காகவேனும் அதை வைத்திருக்கலாம்.

அறிகுறி: எங்கள் சொல்லைப் பிழையென்று திருத்துகிறது, அல்லது பிழையாக விளங்கிக்கொண்டு புகழ்கிறது

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். இலங்கையில் இருந்து எழுதுகிறவர்களுக்கு மிகப் பெரிய கேடு இங்கேதான்.

என் கதையில் ஒரு வாக்கியம்: "பாதை வரும்வரை அவள் துறையடியில் குந்தியிருந்தாள்." கிழக்கு மாகாணத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையோ களப்பையோ கடக்கும் மிதவை. கிண்ணியாவிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான் வழக்கம். சாட்பாட் அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டி, வாழ்வில் வழி பிறக்கும்வரை காத்திருக்கும் பெண்ணின் குறியீடு என்று ஒரு பத்தி எழுதியது. பாராட்டைப் படித்தபோது ஒரு கணம் எனக்கே அப்படித் தோன்றியது; அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பாராட்டை நம்பி இன்னும் இரண்டு "குறியீடு" சேர்த்திருந்தால் கதை போய்விடும்.

அடுத்தது இன்னும் மோசம். "அவள் மாமியோடு கதைத்தாள்" என்று எழுதியிருந்தேன். கதைத்தாள் என்பதைப் பேசினாள் என்று திருத்தித் தந்தது. எங்கள் ஊரில் ஒருவரைப் பேசினார் என்றால் ஏசினார் என்று பொருள். மாமியோடு அமைதியாகக் கதைத்துக்கொண்டிருந்த மருமகள், ஒரே சொல் மாற்றத்தில் சண்டைக்காரி ஆகிவிடுகிறாள். இதைச் சென்னையில் வாசிக்கிறவர் கவனிக்கப் போவதில்லை. மூதூரில் வாசிக்கிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

கச்சான் என்று எழுதினால் வேர்க்கடலை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறது. இங்கே கடலையும் கச்சான்தான், மேற்கிலிருந்து சுடச்சுட வீசும் காற்றும் கச்சான்தான். "கச்சான் அடித்து உதடு வெடித்தது" என்ற வரிக்கு, கடலை சாப்பிட்டதால் ஒவ்வாமையா என்று கேட்டது. மீனவர் தங்கும் வாடி, வாடிப்போன பூவாக மாறியது. கிண்ணியாவின் முஸ்லிம் பாத்திரம் தன் மூத்த சகோதரியை ராத்தா என்று கூப்பிட, அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், அக்கா என்று மாற்றுங்கள் என்றது. ஒரு குடும்பத்தின் அடையாளம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இதில் தீய நோக்கம் ஒன்றும் இல்லை. அது பயின்ற தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதும் நிறைய. எங்கள் தமிழ் அதில் சிறு துளி. துளியைப் பிழையென்று எண்ணுகிறது.

மருந்து மூன்று படியில். கதையைக் கொடுக்குமுன், அதில் வரும் வட்டாரச் சொற்கள் பத்தை மட்டும் வாக்கியத்தோடு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் எடுக்கிறாய் என்று கேளுங்கள். எத்தனை பிழைக்கிறது என்று பார்த்தாலே அந்தச் செயலியை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். பிறகு சிறு சொற்பட்டியல் எழுதுங்கள்: பாதை என்றால் மிதவைப் படகு, கச்சான் என்றால் மேல்காற்று, பேசுதல் என்றால் ஏசுதல் என்று. இந்தப் பட்டியலைக் கதைக்கு மேலே ஒட்டிவிட்டு, "இது இலங்கையின் கிழக்கு மாகாணத் தமிழ். இந்தச் சொற்கள் வேண்டுமென்றே எழுதப்பட்டவை, எதையும் மாற்ற யோசனை சொல்ல வேண்டாம்" என்று எழுதுங்கள். பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தால் அடுத்த கதைக்கும் உதவும். என்னுடையதில் இப்போது அறுபதுக்கு மேல் இருக்கிறது. அதைத் தொகுத்த வேலை எனக்கே பெரிய நன்மை செய்தது. எந்தச் சொல்லை எதற்காக வைத்திருக்கிறேன் என்று முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாவது படி, திருத்தம் வந்தபின். அது தொட்ட சொல் ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் அம்மம்மா அப்படிச் சொல்வாரா என்று கேளுங்கள். சொல்லமாட்டார் என்றால் தள்ளிவிடுங்கள்.

அறிகுறி: ஊரைப் பிழையாகச் சொல்கிறது, அதுவும் உறுதியாக

முடிவை வலுப்படுத்த ஒரு யோசனை சொன்னது: உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைவதைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. நாங்கள் கிழக்குக் கரை. உப்புவெளியில் நின்றால் சூரியன் கடலில் எழும்பும். மறைவது முதுகுப் பக்கத்தில். இன்னொரு முறை ஆனி மாதத்தில் பருவமழை கொட்டுகிற காட்சியைச் சேர்க்கச் சொன்னது. திருகோணமலைக்கு மழை வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. ஆனியில் கச்சான் அடித்துப் புல் எல்லாம் கருகிக் கிடக்கும்.

இந்த விவரங்களைச் சாட்பாட்டிடம் சரிபார்க்காதீர்கள். திசை, காற்று, மாதம், தூரம், கோயில் திருவிழா, பஸ் ஓடும் நேரம் எல்லாவற்றுக்கும் ஊரில் ஆள் இருக்கிறார். நான் என் பெரியம்மாவிடம் கதையை வாசித்துக் காட்டினேன். அவர் பாலம் வருமுன் எத்தனையோ தடவை அந்தத் துறையைக் கடந்தவர். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: பிள்ளையோடு பாதையில் ஏறுகிறவள் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பாள், பலகை வழுக்கும் என்று. அந்தச் செருப்பைக் கதையில் வைத்தேன். அதன்பின் அந்தத் தாயின் கைகள் இரண்டும் நிறைந்துவிட்டன, விளக்கை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தது, கதையின் கடைசிப் பகுதி அதிலிருந்து மாறியது.

அறிகுறி: கேட்காமலே முழுக்கதையையும் திருப்பி எழுதித் தருகிறது

நான் எழுதியது: "பாதை அக்கரையில் நின்றது. பிள்ளையின் நெற்றியைத் தொடப் பயந்து, விளக்கின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்."

அது தந்தது: "இருண்ட இரவில் அவள் இதயம் கனத்தது. கண்களில் கண்ணீர் துளிர்த்தது. நம்பிக்கை என்னும் ஒளி மட்டுமே அவளுக்குத் துணையாக இருந்தது."

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு பெண் சூட்டைப் பார்க்கப் பயப்படுகிறாள். சூடான வேறொன்றைத் தொடுகிறாள். இரண்டாவதில் யாரும் இல்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் எந்தக் கதையிலும் எந்தப் பெண்ணுக்கும் ஒட்டலாம். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்தே அது எழுதுகிறது. எனவே இரவு என்றால் இருள், தாய் என்றால் கண்ணீர், துயரம் என்றால் கனத்த இதயம் என்று அதிகம் நடந்த தடத்திலேயே போகும். எழுத்தாளர் அந்தத் தடத்தை விட்டு விலகும் இடத்தில்தான் கதை பிறக்கிறது. அதனால்தான் இதை நான் மிகவும் வன்மையாகச் சொல்கிறேன்: அது எழுதித் தந்த வாக்கியம் ஒன்றையும் உங்கள் கோப்பில் ஒட்டாதீர்கள். நல்ல வாக்கியமாக இருந்தாலும் வேண்டாம்.

கட்டளையின் கடைசி வரியில், "ஒரு வாக்கியத்தையும் எழுதித் தர வேண்டாம், கேள்விகளாக மட்டும் கேட்கவும்" என்று சேருங்கள். நீண்ட உரையாடலில் இதை மறந்துவிடும். மறந்தால் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காமல் புதிய உரையாடலைத் திறவுங்கள்.

அறிகுறி: கதையில் இல்லாத காட்சியைப் பற்றிக் கருத்துச் சொல்கிறது

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். இலங்கையில் இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்ட எழுத்துரு. உங்கள் திரையில் தமிழாகத் தெரிவது சாட்பாட்டுக்குப் போகும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். சில வேளை விளங்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லும். சில வேளை தலைப்பையோ ஓரிரு சொல்லையோ பிடித்துக்கொண்டு ஒரு கதையை ஊகித்து, அந்தக் கதைக்கு விமர்சனம் எழுதும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு பக்கமாவது கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தாலும் இதே சிக்கல் வரலாம். நேரடியாக எழுத்தை ஒட்டுவதே நல்லது.

யூனிகோடாக இருந்தும் இல்லாததைச் சொன்னால், ஒவ்வொரு கருத்துக்கும் கதையின் வாக்கியத்தை மேற்கோளாகத் தரச் சொல்லுங்கள். மேற்கோளைக் கோப்பில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்தக் கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: தொடக்கத்தையும் முடிவையும் பற்றியே பேசுகிறது, நடுப்பகுதியைத் தொடுவதில்லை

நீண்ட எழுத்தில் நடுப்பகுதியைக் குறைவாகப் பயன்படுத்துவது இவ்வகைச் செயலிகளின் அறியப்பட்ட பலவீனம். தமிழுக்கு அது சீக்கிரமே வந்துவிடும். திருகோணமலை என்ற சொல் நமக்கு ஆறு எழுத்து. கணினியில் அது 10 குறிகளாக, 30 பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட். சாட்பாட் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக உடைத்தே வாசிக்கிறது. தமிழ் பொதுவாக அதிகத் துண்டுகளாக உடையும். ஆகவே அதே நீளக் கதை தமிழில் அதிக இடம் பிடிக்கிறது.

பத்திகளுக்கு இலக்கம் இடுங்கள். ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பத்தி கொடுங்கள். முன்கதையை மூன்று வரியில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதையே சுருக்கச் சொன்னால் பிழையைப் பிழையின்மேல் அடுக்கும்.

அறிகுறி: மறுத்துச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு மாறிவிடுகிறது

விளக்கு அணைந்த விடயத்தில் அது சொன்னது சரி. சோதிப்பதற்காக, விளக்கு அணையவில்லை என்று மறுத்தேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி" என்றது. கதை அதன் முன்னாலேயே இருந்தது. எனவே அதோடு வாதாட வேண்டாம், வென்றாலும் பொருளில்லை. ஐயம் இருந்தால் அதே கேள்வியை மூன்று புதிய உரையாடல்களில் கேளுங்கள். பதில்கள் ஒவ்வொரு முறையும் சற்று மாறும், அது இயல்பு. மூன்றிலும் ஒரே பத்தி இடறுகிறது என்று வந்தால் அந்தப் பத்தியில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடத்தைக் காட்டுவதில் அது சரியாக இருந்தாலும் காரணத்தில் அடிக்கடி பிழைக்கும்.

அறிகுறி: துயரமான முடிவை மாற்றச் சொல்கிறது

நம்பிக்கை ஊட்டும் முடிவு, காயம் ஆறுவது, எல்லோரும் ஒன்று சேர்வது என்றே தள்ளிக்கொண்டு போகும். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் பார்த்த ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் இதை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. முடிவு பற்றி அதனிடம் கேட்பதையே நான் நிறுத்திவிட்டேன்.

அறிகுறி: போட்டிக்கோ இதழுக்கோ அனுப்பலாமா என்று ஐயம் வருகிறது

விதிமுறையை வாசியுங்கள். பல இதழ்கள் செயற்கை நுண்ணறிவால் எழுதிய படைப்பை ஏற்பதில்லை. அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்னும் அறிவியல் புனைகதை இதழ், இயந்திரத்தால் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பெப்ரவரியில் படைப்புகள் பெறுவதையே சில காலம் மூடிவைத்தது. கருத்துக் கேட்பது வேறு, எழுதிக்கொள்வது வேறு. ஆனாலும் விதி தெளிவில்லை என்றால் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். என்ன கேட்டீர்கள், என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்பு கையில் இருந்தால் பதில் சொல்வது இலகு.

கதையை ஒட்டுமுன் அமைப்புகளுக்குப் போய், உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவை அணைத்துவிடுங்கள். நண்பரின் அச்சேறாத கதையை அவர் அனுமதியின்றி ஒட்டாதீர்கள். கதையில் உண்மை மனிதர்களின் பெயரோ முகவரியோ இருந்தால் பிரதியில் மாற்றிவிட்டுக் கொடுங்கள். எங்கள் ஊர்க் கதைகளில் அது அடிக்கடி இருக்கும்.

அறிகுறி: அதைக் கேட்காமல் அடுத்த வரி வரவில்லை

இந்த அறிகுறி எழுதுகிறவரிடம் தோன்றுவது. ஒரு பத்தி எழுதியதும் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் அப்படி இருந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒரு கதையும் முடியவில்லை.

முதல் வரைவு முடியும்வரை அதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது முதல் வரைவைக் கொப்பியில் பேனாவால் எழுதுகிறேன். தட்டச்சுச் செய்யும்போதே ஒரு திருத்தம் நடந்துவிடுகிறது. பிறகு ஒரு கிழமை கிடப்பில் போட்டு, நானே ஒரு தடவை வாசித்து, இடறும் இடங்களைப் பென்சிலால் குறிக்கிறேன். அதன்பின்தான் சாட்பாட். அது காட்டும் இடங்களையும் என் பென்சில் குறிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டும் சந்திக்கும் பத்தியிலிருந்து திருத்தத்தைத் தொடங்குகிறேன்.